கேட்டு மூடுதலும் கேளாமல் மூடுதலும்

2020 அக்டோபர் 12ஆம் நாள், திங்கட்கிழமை, காலை பத்து மணியளவில் மும்பைப் பெருநகரப் பகுதியின் பெரும்பகுதி மின்சாரத்தை இழந்தது. கல்வா, பட்கே ஆகிய இடங்களை இணைக்கும் 400 கிலோவோல்ட் தடத்தின் ஒரு மின்சுற்று பராமரிப்புப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தபோது, சுமையைத் தாங்கிக்கொண்டிருந்த மற்றொரு சுற்றிலும் கோளாறு ஏற்பட்டதே காரணம் என்று அரசுத் தரப்பில் அன்றே விளக்கம் தரப்பட்டது. மும்பையின் புறநகரான டோம்பிவிலியிலிருந்து தானேக்குச் செல்லும் ரயில் தாண்டிப்போகும் அதே கல்வாதான் அது. நின்றுபோன புறநகர் ரயில்களையும் ஜெனரேட்டரில் இயங்கிய மருத்துவமனைகளையும் பற்றி நாளேடுகள் விரிவாக எழுதின. வீட்டுக் கணினிகளைப் பற்றிப் பெரிதாக எவரும் எழுதவில்லை. ஆனால் கொரோனாக் காலத்து அந்த நாட்களில் புறநகர் ரயில்களில் இன்றியமையாப் பணியாளர்களுக்கே இடம் இருந்ததால், நாள்தோறும் நகரத்துக்குப் போய்வந்த பலருடைய அலுவலகம் டோம்பிவிலி வீட்டின் முன்னறையிலேயே இயங்கிக்கொண்டிருந்தது. அத்தகைய வீடொன்றில் யூ.பி.எஸ். மின்கலத்தில் பத்து நிமிட ஆற்றல் மட்டுமே எஞ்சியிருக்க, நாற்காலியில் ஆள் இல்லாத வேளையில், திறந்துகிடக்கும் நிரல்களைக் கணினி தானாகவே எப்படி மூட வேண்டும் என்பது கேட்பதற்குச் சிறிய வினாவாகத் தோன்றினாலும், அதற்குள் இயங்குதள வடிவமைப்பின் மிக நேர்த்தியான ஏற்பாடுகளுள் ஒன்று பொதிந்திருக்கிறது.

இந்த வினா டோம்பிவிலிக்குப் புதிதன்று. மும்பை மாநகர எல்லைக்குள் உள்ள மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் மின்சாரம் வழங்குவது பெஸ்ட் நிறுவனம். செம்பூருக்கு வழங்குபவை தனியார் நிறுவனங்கள். டோம்பிவிலியோ பழைய மாநில மின்வாரியம் 2005இல் பிரிக்கப்பட்டபோது உருவான மகாவிதரண் நிறுவனத்தின் எல்லைக்குள் வருகிறது. அவ்வாண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் மகாராஷ்டிரத்தை வாட்டிய மின்வெட்டு மாட்டுங்காவையும் செம்பூரையும் தொடாமல், அதே நகரத்துக்கு ஆள் அனுப்பும் புறநகர்களைத் தாக்கியது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஒரு இன்வெர்ட்டர், கணினிக்குத் தனியே ஒரு யூ.பி.எஸ். என்பது இங்கே பல வீடுகளுக்குப் பழகிப்போன ஏற்பாடு.

மின்சாரம் நின்ற கணத்தில் கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் வியப்பூட்டும் அளவுக்குக் குறுகியது. கணினிப் பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கி தன் மின்தேக்கிகளில் சேர்த்துவைத்திருக்கும் ஆற்றலைக்கொண்டு பொதுவாக ஏறத்தாழ 16 அல்லது 17 மில்லிவினாடிதான் தாக்குப்பிடிக்கும் வகையில் வடிவமைக்கப்படுகிறது. இந்திய மின்சாரத்தின் அலை ஒருமுறை ஏறி இறங்கிச் சுழன்று வரவே 20 மில்லிவினாடி ஆகும் என்பதால், ஒரு முழு அலை தவறினாலே கணினி அணைந்துவிடலாம். வீடுகளில் வழங்கும் யூ.பி.எஸ். கருவிகள் பத்து மில்லிவினாடிக்குள்ளாகவே மின்கலத்துக்கு மாறி இந்த இடைவெளியைக் கடந்துவிடுகின்றன. அதன்பின் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள ஒற்றை ஈய அமில மின்கலம் ஏட்டளவில் 84 வாட்-மணி ஆற்றலைத் தரவல்லது என்றாலும், வேகமாக உறிஞ்சும்போது அம்மின்கலம் அவ்வளவையும் கொடுப்பதில்லை என்பதாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் கொள்ளளவு குன்றிவிடுவதாலும், நடைமுறையில் கிடைப்பது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்கள் ஆள் இருந்தால் தாராளம். ஆள் இல்லாவிட்டால், கணினிக்குத் தகவல் தெரிந்தால்தான் பயன்படும்.

தகவல் போய்ச்சேர்வதற்கு ஒரு கம்பி வேண்டும். யூ.பி.எஸ்.ஸின் பின்புறத்தில் யூ.எஸ்.பி. துளை இருந்து, அது கணினியோடு இணைக்கப்பட்டிருந்தால், மேசைக் கணினியும் மடிக்கணினியைப் போலத் தன் மின்கலத்தின் நிலையை அறிந்துகொள்கிறது. லினக்ஸ் உலகில் இப்பணிக்கென நெட்வொர்க் யூ.பி.எஸ். டூல்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் உண்டு. மின்கலத்தில் ஓடுகிறது, மின்கலம் குறைந்துவிட்டது என்ற இரண்டு நிலைகளும் ஒன்றாகச் சேரும்போதுதான் அது மூடும் வேலையைத் தொடங்குகிறது. மின்சாரம் போன உடனே மூடிவிட்டால் இரண்டு நிமிட வெட்டுக்கெல்லாம் வேலை கெடும், மிகவும் தாமதித்தால் மூடுவதற்கே ஆற்றல் மிஞ்சாது என்பதால்தான் இந்த இரட்டை நிபந்தனை.

இனி, மூடுவது எப்படி என்னும் மையப் பொருளுக்கு வரலாம். விண்டோஸ் இயங்குதளத்தில் சன்னலைக் காட்டி இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு செய்தி வரிசை உண்டு. எலி நகர்ந்தது, விசை அழுத்தப்பட்டது, சன்னலின் இன்ன பகுதியை மீண்டும் வரைய வேண்டும் என்பன போன்ற செய்திகளை இயங்குதளம் அவ்வரிசையில் போடுகிறது. நிரல் ஒவ்வொன்றாக எடுத்து, வேண்டியதைச் செய்துவிட்டு, அடுத்த செய்திக்குத் திரும்புகிறது. நிரலின் வாழ்நாள் முழுவதும் இந்தச் சுழற்சிதான். சன்னலின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தும்போதும் நிரல் அறுக்கப்படுவதில்லை. 'மூடிக்கொள்' என்னும் இன்னொரு செய்தி அதனிடம் போய்ச்சேர்கிறது, அவ்வளவே. நிரல் அதை ஏற்று மூடிக்கொள்ளலாம், சேமிக்கட்டுமா என்று கேட்கலாம், கண்டுகொள்ளாமலும் இருக்கலாம். தானியக்கத்துக்காக எழுதப்படும் டாஸ்க்கில் என்னும் கட்டளையும், வலுக்கட்டாயத்தைக் குறிக்கும் எஃப் என்ற சேர்க்கை இல்லாமல் கொடுக்கப்பட்டால், இதே செய்தியைத்தான் அனுப்புகிறது. சேர்க்கையோடு கொடுத்தால் செய்தியே இல்லை. நிரலின் இயக்கம் அந்தக் கணத்தில் நின்றுபோகிறது.

கணினி முழுவதும் அணைக்கப்படும்போது நடப்பது இதைவிடச் செறிவானது. இயங்குதளம் நிரல்களிடம் முதலில் கேட்பது, அமர்வை முடிக்கலாமா என்ற வினா. அமர்வு என்பது பயனர் உள்நுழைந்தது முதல் வெளியேறுவது வரையிலான காலம். எல்லா நிரல்களும் ஆம் என்றால்தான், அமர்வு முடிகிறது என்னும் இரண்டாவது செய்தி ஆம் என்ற குறிப்போடு அனுப்பப்படுகிறது. இடையில் ஒன்று மறுத்துவிட்டால், ஏற்கெனவே சம்மதம் சொன்ன நிரல்களுக்கும் அந்த இரண்டாவது செய்தி போகும். ஆனால் இல்லை என்ற குறிப்போடு போகும். கேட்டோம், நடக்கவில்லை, வேலையைத் தொடரலாம் என்பது அதன் பொருள். ஆகவே நன்றாக எழுதப்பட்ட நிரல் முதல் வினாவுக்குச் சம்மதம் சொல்லுமே தவிர, அப்போதே எதையும் கலைத்துவிடாது. கோப்புகளை மூடுவதும் இணைப்புகளைத் துண்டிப்பதும் இரண்டாவது செய்தி உறுதியாக வந்த பிறகே நடக்கும். தரவுத்தளங்கள் பல கணினிகளில் ஒரே மாற்றத்தைச் செய்யும்போது முதலில் எல்லோருடைய சம்மதத்தையும் பெற்றுப் பிறகே மாற்றத்தை நிலைநாட்டுகின்றன. அதே கோட்பாடு ஒற்றைக் கணினியின் அணைப்புக்குள் ஓசையின்றி வேலை செய்வது உண்மையிலேயே அழகு.

இரவில் கடை கட்டும் நேரத்து உணவு விடுதியைக் கொண்டு இதை விளக்கலாம். மேலாளர் ஒவ்வொரு மேசையாக வந்து, கடை கட்டலாமா என்று கேட்கிறார். முதல் மேசைக்காரர் தலையாட்டுகிறார். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவுடனே இலையை மடித்துக் கை கழுவிவிட்டு வந்தாரானால், மூன்றாவது மேசைக்காரர் இப்போதுதான் ரவா தோசை சொன்னேன் என்று மறுத்து, கடை இன்னும் அரைமணி திறந்திருக்கும் என்று முடிவான பிறகு, மடித்த இலையின் முன் வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனவே முதற்கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, விளக்கை அணைக்கப்போகிறோம் என்ற உறுதியான சொல் வந்த பிறகே இலையை மடிப்பவர்தான் அனுபவசாலி. மேலாளர் கேட்டும் பதில் சொல்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும் மேசையும் ஒன்று இருக்கும்; அது உறைந்துபோன நிரல். விண்டோஸ் இயல்பாக ஐந்து வினாடி காத்திருந்து, தன் வரிசையிலுள்ள செய்திகளை எடுக்காத நிரலை அந்த வகையில் சேர்த்துவிடுகிறது. சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவரைவிடச் சிக்கலானவர், கேட்கும்போதெல்லாம் ஆச்சு ஆச்சு என்று மலர்ச்சியோடு பதில் சொல்லிக்கொண்டே இன்னொரு காபி சொல்பவர். அவர் உறைந்துபோகவில்லை, மூடவும் விடவில்லை.

அந்தக் காபிக்காரரைத்தான் தானியக்க மூடலில் மிகுதியாக எதிர்கொள்ள நேர்கிறது. சேமிக்கட்டுமா என்று கேட்கும் சிறு பெட்டி திரையில் தோன்றியவுடன், நிரல் அந்தப் பெட்டிக்கென ஒரு சிறிய செய்திச் சுழற்சியைத் தொடங்கிவிடுகிறது. எலி அசைந்தால் கவனிக்கிறது, திரையை வரைகிறது, இயங்குதளத்தின் பார்வையில் நலமாகவே இருக்கிறது. ஆனால் அது காத்திருப்பது மனித விரலுக்கு. நாற்காலி காலியாக இருக்கும்போது அந்தக் காத்திருப்புக்கு எல்லையே இல்லை. அணைப்பு நடக்கும்போது இப்படி ஒரு நிரல் குறுக்கே நின்றால், இன்ன நிரல் தடுக்கிறது என்ற திரையை விண்டோஸ் காட்டி, ஆனாலும் அணைக்கவா என்று கேட்கிறது. கேள்விக்கு மேல் கேள்வி, பதில் சொல்ல ஆளில்லை, யூ.பி.எஸ். மின்கலமோ தேய்ந்துகொண்டிருக்கிறது. கேட்கும் பண்பு ஆள் இருக்கும்போது காப்பாற்றுகிறது, ஆள் இல்லாதபோது அதுவே வேலையைக் கெடுக்கிறது என்பதுதான் இந்தப் பொருளின் உண்மையான சிக்கல்.

யூனிக்ஸ் மரபு இதற்கு எளிய விடை கண்டது. நிரலுக்கு முதலில் 15ஆம் எண் சைகை அனுப்பப்படும். அதை நிரல் பிடித்துக்கொண்டு தன் வேலைகளை ஒழுங்குபடுத்தலாம். குறித்த நேரத்துக்குள் முடியாவிட்டால் 9ஆம் எண் சைகை வரும். அதை எந்த நிரலாலும் பிடிக்கவோ தவிர்க்கவோ முடியாது. இன்றைய லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இந்த இரண்டுக்கும் இடையே இயல்பாக 90 வினாடி கொடுக்கிறது. கேள், காத்திரு, பிறகு நிறுத்து என்னும் இந்த மூன்று படிதான் தானியக்கத்தின் சாரம். விண்டோஸிலும் ரெஜிஸ்ட்ரி என்னும் அமைப்புப் பதிவேட்டில் ஒரு மதிப்பை மாற்றி, அடம்பிடிக்கும் நிரல்களைக் குறித்த நேரத்துக்குப் பின் தானே நிறுத்தச் செய்யலாம். ஷட்டவுன் கட்டளையில் பலர் அறியாத நுணுக்கம் ஒன்று: இத்தனை வினாடிக்குப் பிறகு அணை என்று பூச்சியத்துக்கு மேற்பட்ட நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால், வலுக்கட்டாயமாக மூடு என்ற பொருளும் அதில் தானாகவே சேர்ந்துவிடுகிறது. இரவு பதினொன்றுக்குக் கணினி தானே அணையட்டும் என்று அந்தக் கட்டளையை இட்டுவிட்டுத் தூங்கப்போகிறவர்கள், சேமிக்கப்படாத கோப்பைக் கணினி கேட்டுவிட்டுத்தான் மூடும் என்று நம்பியிருக்கக் கூடாது.

வலுக்கட்டாயமாக நிறுத்தினால் எது போகும், எது தங்கும் என்பதையும் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தட்டச்சிட்ட சொற்கள் மூன்று இடங்களில் இருக்கலாம்: நிரலின் சொந்த நினைவகத்தில், இயங்குதளத்தின் இடைக்கால நினைவகத்தில், அல்லது வட்டில். நிரலை மட்டும் கொன்றால் முதலிடத்தில் இருப்பது போகும். இயங்குதளத்திடம் ஏற்கெனவே ஒப்படைத்தது பத்திரமாக வட்டுக்குப் போய்ச்சேரும். மின்சாரமே போனால் முதலிரண்டும் போகும், மூன்றாவதும் பாதி எழுதிய நிலையில் சிதையலாம். அடம்பிடிக்கும் ஒரு நிரலுக்காகக் காத்திருந்து மின்கலம் தீர்ந்து எல்லாம் அணைவதைவிட, அந்த ஒன்றை மட்டும் கொன்று மற்றவற்றை ஒழுங்காக மூடுவது மேல் என்பதற்கு இதுவே காரணம். பாதி எழுதிய கோப்பு என்ற இடரைத் தவிர்க்கப் பொறுப்பான நிரல்கள் பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. புதிய உள்ளடக்கத்தை வேறொரு பெயரில் முழுமையாக எழுதி, அது வட்டில் பதிந்ததை உறுதிசெய்துகொண்டு, கடைசியில் பெயரை மட்டும் மாற்றுகின்றன. பெயர்மாற்றம் ஒரே அசைவில் நடப்பதால், எந்த நொடியில் மின்சாரம் போனாலும் எஞ்சுவது முழுமையான பழைய கோப்பாகவோ முழுமையான புதிய கோப்பாகவோ இருக்கும்.

வரலாறு இங்கே அதிக இடம் கேட்பதில்லை. தொடக்ககாலத் தனிக்கணினிகளின் விசை நேரடியாக மின்சாரத்தைத் துண்டிக்கும் இயந்திர விசை; மென்பொருள் நினைத்தாலும் கணினியை அணைக்க முடியாது. அதனால்தான் விண்டோஸ் 95 தன் வேலையை முடித்ததும், இனி அணைக்கலாம் என்று திரையில் எழுதிக்காட்டி மனிதரின் கைக்குக் காத்திருந்தது. இன்டெலும் மைக்ரோசாஃப்டும் 1992இல் வெளியிட்ட மின்மேலாண்மை வரையறை, 1995இல் வந்த ஏ.டி.எக்ஸ். மின்வழங்கி, 1996இன் இறுதியில் வந்த ஏ.சி.பி.ஐ. தரநிலை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அணைக்கும் அதிகாரத்தை மென்பொருளிடம் ஒப்படைத்தன.

அந்த அதிகாரத்தைச் சுற்றி ஒரு சந்தையும் எழுந்தது. திறந்திருக்கும் எல்லா நிரல்களையும் ஒரே சொடுக்கில் மூடி, நினைவகத்தைத் துப்புரவாக்கி, கணினியின் வேகத்தைப் பன்மடங்கு கூட்டுவதாக விளம்பரம் செய்யும் கருவிகளை நம்பத் தேவையில்லை. காலியாகக் கிடக்கும் நினைவகம் எந்த வேலையையும் விரைவுபடுத்துவதில்லை. அடிக்கடி தேவைப்படுவதை அங்கே வைத்திருப்பதுதான் விரைவு, இடம் போதாதபோது பயன்படாததை வெளியேற்ற இயங்குதளத்துக்கே தெரியும். நினைவகம் உண்மையாகவே நிரம்பித் திணறும் கணினியில் கனமான ஒரு நிரலை மூடுவது பயன்தரும். அதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. கைப்பேசியிலும் இதே நிலைதான். செயலிகளை ஓயாமல் விரலால் தள்ளி மூடினால் மின்கலம் நீடிக்கும் என்ற நம்பிக்கையை 2016இல் ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரேக் ஃபெடெரிகியும் ஆண்ட்ராய்டின் தலைவர் ஹிரோஷி லாக்ஹைமரும் ஒருசேர மறுத்தார்கள். போட்டியாளர்கள் இருவரும் இதில் ஒன்றுபட்டது குறிப்பிடத்தக்கது. செயற்கை நுண்ணறிவு எந்த நிரலை எப்போது மூட வேண்டும் என்று தானே அறிந்துகொள்ளும் என்ற புதிய வாக்குறுதிகளையும் இதே தராசில் நிறுக்கலாம். எதை மூடுவது என்பது ஒருபோதும் கடினமான வினாவாக இருந்ததில்லை. பாதியில் நிற்கும் வேலையை என்ன செய்வது என்பதே கடினமானது. அதற்கு விடை மூடும் கருவியிடம் இல்லை, மூடப்படும் நிரலிடம்தான் இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கான்டியாவும் அர்மாண்டோ ஃபாக்ஸும் 2003இல் எழுதிய ஓர் ஆய்வுரை இந்தத் திசையில் துணிந்து சென்றது. ஒழுங்காக மூடுவதற்கு ஒரு வழி, திடீரென்று நின்றால் மீள்வதற்கு ஒரு வழி என இரண்டை ஏன் எழுத வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். எந்த நொடியில் நிறுத்தப்பட்டாலும் மீளக்கூடியதாக நிரலை எழுதிவிட்டால், நிறுத்துவதற்குத் திடீர் நிறுத்தமே போதும், தொடங்குவதற்கு மீட்சியே போதும் என்பது அவர்களுடைய வாதம். உணவு விடுதியில் ஒவ்வொரு பண்டத்துக்கும் முன்பே சீட்டு வாங்கிவிட்டு, எந்த நேரத்திலும் எழுந்து போகக்கூடியவராக உட்கார்ந்திருப்பவரைப் போன்றது அத்தகைய நிரல். அவரிடம் மேலாளர் எதையும் கேட்க வேண்டியதில்லை. கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் இந்த வழிக்கு வந்துவிட்டன. ஆண்ட்ராய்டு பின்னணியிலுள்ள செயலியைக் கேளாமலே நிறுத்துகிறது. நிலையை முன்கூட்டியே குறித்துவைக்கும் பொறுப்பு செயலியைச் சேர்ந்தது. மேசைக் கணினியில் இந்த மாற்றம் அரைகுறையாகவே நிற்கிறது. வேர்டு நிரலின் தானியங்கி மீட்புப் பதிவு இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் நடக்கிறது. வேகமாகத் தட்டச்சிடுபவருக்குப் பத்து நிமிடம் என்பது பக்கக்கணக்கு. அதை இரண்டு நிமிடமாகக் குறைத்துக்கொள்ள அமைப்புகளில் இடம் உண்டு.

கேள்வியையே தவிர்க்கும் இன்னொரு வழி ஹைபர்னேட். இதில் எந்த நிரலும் மூடப்படுவதில்லை. நினைவகத்தில் உள்ளவற்றை வட்டில் எழுதிவிட்டுக் கணினி முற்றாக அணைகிறது, மின்சாரம் திரும்பிக் கணினியை மீண்டும் இயக்கியதும் சேமிக்கட்டுமா என்ற பெட்டி உட்பட எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. ஆள் இல்லாத நேரத்து மின்வெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வீட்டுக் கணினியில் இல்லை. மின்கலம் இறுதி நிலைக்குக் குறையும்போது என்ன செய்ய வேண்டும் என்ற விண்டோஸ் அமைப்பில் இதைத் தேர்ந்துவிட்டால் போதும், யூ.பி.எஸ்.ஸோடு தகவல் கம்பி இணைந்திருந்தால் மேசைக் கணினியிலும் அந்த அமைப்பு தோன்றும்.

கம்பி இணைந்திருக்க வேண்டும் என்பதே நடைமுறையில் முதல் தடை. மலிவான யூ.பி.எஸ்.களில் பல அந்தத் துளை இல்லாமலே விற்கப்படுகின்றன. துளை இருந்தும் பெட்டியில் வந்த கம்பி பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கும் வீடுகளும் உண்டு. வீட்டு இன்வெர்ட்டரிலேயே கணினியையும் ஓட்டுபவர்கள், அதன் முகப்பிலுள்ள யூ.பி.எஸ். முறை என்ற விசையைப் போட்டிருந்தால் கணினி அணையாமல் தப்பும் என்றாலும், இன்வெர்ட்டரின் மின்கலம் எவ்வளவு மிச்சம் என்பது கணினிக்குத் தெரிய வழியில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. ஆகவே புதிய யூ.பி.எஸ். வாங்குபவர்கள் எத்தனை வி.ஏ. திறன் என்று கேட்பதோடு நிற்காமல் யூ.எஸ்.பி. தகவல் துளை உண்டா என்றும் கேட்க வேண்டும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஒரு விடுமுறை நாளில், வேண்டாத கோப்பு ஒன்றில் சில வரிகளைத் தட்டச்சிட்டுச் சேமிக்காமல் விட்டு, யூ.பி.எஸ்.ஸுக்கு மின்சாரம் வரும் விசையை அணைத்துவிட்டு, கணினியைத் தொடாமல் கடைசிவரை பார்த்திருப்பது நல்லது. மின்கலம் தீருமுன் அது தானாக ஹைபர்னேட்டுக்குப் போய்விட்டால் ஏற்பாடு சரி. கணினி கடைசிவரை ஓடிக்கொண்டே இருந்து, யூ.பி.எஸ். அலறி ஓய்ந்த கணத்தில் சட்டென்று அணைந்தால், கம்பியையும் மின்கல அமைப்பையும் அன்றைக்கே சரிபார்த்துவிட வேண்டும்.